கல்லாவில் காசு நிறைகிறது, கர்ப்பிணியின் உடலில் இரத்தம் இல்லை!



2018 டிசம்பர் 3ஆம் தேதி நம் விருதுநகர் மாவட்டத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா? மறந்திருப்பீர்கள். மறதி நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆகவே நினைவூட்டுகிறோம்.

சாத்தூர் அரசு மருத்துவமனைக்கு ஓர் ஏழைக் கர்ப்பிணிச் சகோதரி போகிறார். உடலில் இரத்தம் குறைவு. ஏற்ற வேண்டும் என்கிறார்கள். சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்த இரத்தத்தை ஏற்றுகிறார்கள். அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது! கொடுத்த இளைஞருக்கு வயது 19. வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில் தனக்கு நோய் இருப்பது தெரிந்ததும், அவரே ஓடிவந்து இரத்த வங்கியில் சொன்னார். அதற்குள் இரத்தம் அந்தப் பெண்ணின் உடலில் ஏறிவிட்டது. மனமுடைந்த அந்த இளைஞரும் அந்த மாதக் கடைசியில் மதுரை அரசு மருத்துவமனையில் உயிரிழந்தார். 2019 ஜனவரியில் அந்தச் சகோதரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அல்லாஹ்வின் கருணையால் குழந்தைக்கு நோய்த்தொற்று இல்லை. 2019 ஜூலையில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

25 லட்சம்! ஒரு தாயின் எஞ்சிய வாழ்நாளுக்கு அரசாங்கம் கொடுத்த விலை இது.

அரசின் குற்றத்தை நாம் மன்னிக்கப் போவதில்லை. அதைப் பற்றிக் கீழே பேசுவோம். ஆனால் அதற்கு முன்பு வேறு ஒரு கேள்வி இருக்கிறது. ஆட்சியாளர்களைப் பார்த்துக் கேட்பதல்ல அது, நம்மைப் பார்த்தே கேட்டுக்கொள்ள வேண்டியது. இரத்தம் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலைக்கு நம் வீட்டுப் பெண்கள் ஏன் வருகிறார்கள்? எட்டு மாதம் வரை நாம் எங்கே போயிருந்தோம்?

பாதிப் பேருக்குச் சோகை!

2019-21ல் மத்திய அரசு நடத்திய ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. எல்லாவற்றிலும் முன்னேறிவிட்டதாக மார்தட்டிக்கொள்ளும் தமிழ்நாட்டில் 48 சதவீதம். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 44 ஆக இருந்தது. குறைய வேண்டியது கூடியிருக்கிறது! இரண்டு கர்ப்பிணிகள் எதிரே வந்தால் அவர்களில் ஒருவருக்கு இரத்தம் போதாது என்று அர்த்தம்.

வியாபாரிகளுக்குப் புரியும் மொழியிலேயே சொல்கிறோம். கர்ப்பம் தரித்த பெண்ணின் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. குழந்தைக்கும், நஞ்சுக்கொடிக்கும், கூடிய இரத்தத்துக்குமாகச் சேர்த்து அந்த ஒன்பது மாதத்தில் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்புச்சத்து செலவாகிறது. ஏற்கெனவே கையிருப்பு இல்லாத பெண் இந்தச் செலவை எங்கிருந்து ஈடுகட்டுவாள்? வரவே இல்லாத கணக்கில் செலவு மட்டும் எழுதினால் கடை என்ன ஆகும்? திவால்தான்!

100 மில்லி இரத்தத்தில் 11 கிராம் ஹீமோகுளோபின் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் சோகை. 7 கிராமுக்குக் கீழே போனால் கடும் சோகை, உயிருக்கே ஆபத்து. மூச்சு வாங்குகிறது, படியேற முடியவில்லை, நெஞ்சு படபடக்கிறது, கண்ணைக் கட்டுகிறது என்று அவள் சொல்வாள். நம் வீடுகளில் என்ன பதில்? "மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும். நாங்களெல்லாம் பெறலையா?" இந்த ஒரு வார்த்தை எத்தனை ஜனாஸாக்களைத் தூக்க வைத்திருக்கிறது தெரியுமா?

பிரசவ நேரத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் பாய்ந்துகொண்டிருக்கும். குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பை சுருங்கி அந்த வாய்களை அடைக்க வேண்டும். சுருங்கவில்லை என்றால் பெருக்கெடுக்கும். உலகம் முழுவதும் தாய்மார்களின் சாவுக்கு முதல் காரணமாக இருப்பது இந்த உதிரப்போக்குதான். நல்ல உடல்நிலையில் இருப்பவள் ஒரு லிட்டர் போனாலும் சமாளித்து எழலாம். 7 கிராமில் நிற்பவளுக்கு அரை லிட்டரே போதும், கதை முடிந்துவிடும்! அவளுடைய சாவு பிரசவ அறையில் எழுதப்படவில்லை சகோதரர்களே! மூன்றாம் மாதத்திலேயே உங்கள் வீட்டுச் சமையலறையில் எழுதப்பட்டுவிட்டது.

மாத்திரை அலமாரியில், கணவன் கடையில்

இதற்கு மருந்து என்ன? சீமையிலிருந்து வரவழைக்க வேண்டுமா? இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைதான். கர்ப்ப காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள். வாங்கி வருகிறார்கள். அலமாரியில் வைக்கிறார்கள். அதோடு சரி.

கேட்டால் "மலம் கறுப்பாகப் போகிறது, பயமாக இருக்கிறது" என்பார்கள். அது இரும்புச்சத்தின் நிறம். பயப்பட ஒன்றுமில்லை. "குமட்டுகிறது" என்பார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பின் போடலாம். டீயோடு போட்டால் மாத்திரை வீண். டீயும் காபியும் இரும்பை உடலில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையையும் அதே நேரத்தில் போடக்கூடாது. எலுமிச்சைச் சாறும் நெல்லிக்காயும் சேர்ந்தால் நல்லது. முருங்கைக் கீரை, ஈரல், இறைச்சி, பயறு, கேழ்வரகு எல்லாம் நல்லவை. பேரீச்சம் பழமும் நல்லதுதான். ஆனால் பேரீச்சம் பழம் மட்டுமே சோகையைத் தீர்த்துவிடும் என்று நம்பி மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள். மாத்திரையால் ஏறவில்லை என்றால் நரம்பில் ஏற்றும் இரும்புச்சத்து மருந்து இருக்கிறது. நேரத்தோடு போனால் மற்றவருடைய இரத்தத்துக்குக் கையேந்தும் நிலையே பெரும்பாலும் வராது.

இதையெல்லாம் ஏன் ஆண்களிடம் சொல்கிறோம்? நம் வீடுகளில் கல்லாச் சாவி யாரிடம் இருக்கிறது? ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்வது யார்? ஈரல் வாங்கி வந்தால் முதல் துண்டு யாருடைய தட்டில் விழுகிறது? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்!

இன்னும் இரண்டு எதிரிகள்

சோகை மட்டுமல்ல. இரண்டாவது எதிரி இரத்தக் கொதிப்பு. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90ஐத் தொட்டால் எச்சரிக்கை மணி. தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிடமே புறப்பட வேண்டும். விட்டால் வலிப்பு வரும். வலிப்பு வந்தவளுக்குப் "பேய் பிடித்துவிட்டது" என்று தாயத்துக் கட்டி, ஓதிப் பார்க்க ஆள் தேடும் கூட்டம் இன்றும் இருக்கிறது. அந்த வலிப்பைத் தடுப்பதற்கு மெக்னீசியம் சல்பேட் என்ற விலை மலிவான ஊசி இருக்கிறது. 33 நாடுகளில் ஏறத்தாழ பத்தாயிரம் கர்ப்பிணிகளிடம் நடத்தி 2002ல் வெளியிட்ட ஆய்வில், அது வலிப்பு ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைப்பது உறுதியானது. ஊசி இருக்கிறது. அதைப் போட அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ஆளைத்தான் காணோம்!

மூன்றாவது எதிரி சர்க்கரை. கர்ப்பத்தில் மட்டும் எட்டிப்பார்க்கும் சர்க்கரை பல பெண்களுக்கு வருகிறது. பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கும், பிரசவம் சிக்கலாகும், பிற்காலத்தில் தாய்க்கு நிரந்தரமாக நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடும். இதற்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுத்தால் போதும். அளவு 140ஐத் தொட்டால் சிகிச்சை வேண்டும். வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லாத இந்த எளிய முறையை ஏழை நாடுகளுக்கும் ஏற்றது என்று முன்வைத்தவர் நம் சென்னையைச் சேர்ந்த பேராசிரியர் வி. சேஷய்யா. 2022ல் பத்மஸ்ரீ பெற்றவர். முறையை நாட்டுக்குக் கொடுத்தது தமிழ்நாட்டு டாக்டர். அந்தப் பரிசோதனைக்கு அனுப்பாமல் மனைவியை வீட்டில் வைத்திருப்பது தமிழ்நாட்டுக் கணவன்!

மார்க்கத்தின் பெயரால் அநியாயம்!

"நம் பெண்கள் ஆண் டாக்டரிடம் காட்டமாட்டார்கள்" என்று பெருமையாகச் சொல்லும் பெரியவர்களே! பெண் டாக்டர் வேண்டும் என்கிறீர்கள். நியாயம். அந்தப் பெண் டாக்டர் எங்கிருந்து வருவாள்? வானத்திலிருந்தா? உங்கள் மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினாள். "போதும், மாப்பிள்ளை வந்திருக்கிறது" என்று நிறுத்தினீர்கள். ஊரார் மகளெல்லாம் படித்து உங்கள் மகளுக்குப் பிரசவம் பார்க்க வேண்டுமா? போராடிப் போராடி 2007ல் 3.5 சதவீத இடஒதுக்கீடு பெற்றோம். 2020லிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது. நம் பெண் பிள்ளையை வாசற்படியில் மறித்துக்கொண்டு நிற்பவர் வெளியார் அல்ல!

2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஒரு பெண் இறந்தார். 2025 ஏப்ரலில் கேரளாவின் மலப்புரத்தில் நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி, ஐந்தாவது பிரசவத்தை வீட்டிலேயே வைத்து, உதிரப்போக்கில் உயிரை விட்டார். கணவர் கைது செய்யப்பட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவது ஈமானுக்குக் குறைவு என்று எந்த ஆலிம் சொன்னார்? நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி ஏவியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள் அல்லவா?

மர்யம் (அலை) அவர்களின் பேறுகால வேதனையைத் திருமறையின் 19வது அத்தியாயம் சொல்கிறது. ஈச்ச மரத்தடியில் தனியாகத் துடித்த அந்தத் தாய்க்கு இறைவன் முதலில் ஏற்பாடு செய்தது என்ன? உண்ணக் கனியும், குடிக்க நீரும், மனதுக்கு ஆறுதலும்! கர்ப்பிணிக்கு ரமலான் நோன்பிலேயே சலுகை தந்த மார்க்கம் இது. அந்தச் சலுகையை அவள் பயன்படுத்தினால் முகம் சுளிக்கும் மாமியார்கள் எந்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள்?

இன்னும் கேளுங்கள். 65வது அத்தியாயத்தில், தலாக் சொல்லப்பட்ட பெண் கர்ப்பிணியாக இருந்தால் அவள் பிரசவிக்கும் வரை செலவு செய்வது கணவனின் கடமை என்று இறைவன் விதித்திருக்கிறான். பிரிந்துவிட்ட மனைவிக்கே இந்த உரிமை என்றால், கூடவே வாழும் மனைவிக்கு எவ்வளவு? நாம் என்ன செய்கிறோம்? "தலைப்பிரசவம் தாய்வீட்டில்" என்று சொல்லி ஏழாம் மாதம் அவளை அவள் அத்தா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஸ்கேன் அவர் செலவு. ஆஸ்பத்திரி அவர் செலவு. ஆபரேஷன் என்றால் அவர் கடன் வாங்க வேண்டும். குழந்தை பிறந்ததும் நகையோடு அனுப்ப வேண்டும். வரதட்சணை வாங்கமாட்டோம் என்று மேடையில் சபதம் செய்த மாப்பிள்ளையே! இது வரதட்சணையின் இரண்டாம் தவணை இல்லாமல் வேறென்ன?

பெண் தாய்வீட்டில் ஓய்வெடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பில் உங்கள் பெயரில் வரட்டும்!

மகாராஜபுரத்திலிருந்து ஓர் இரவு

வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்தை எண்ணிப் பாருங்கள். மேற்கே மலை. தென்னந்தோப்பும் வயலும் சூழ்ந்த ஊர். இரவு பதினொரு மணிக்கு ஒரு கர்ப்பிணிக்கு உதிரம் கொட்டுகிறது. வத்திராயிருப்பு வர வேண்டும். அங்கே முடியாதென்றால் கிருஷ்ணன்கோவில் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கும் முடியாதென்றால் விருதுநகர் மருத்துவக் கல்லூரி அல்லது மதுரை. விருதுநகர் மருத்துவக் கல்லூரியே 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அதுவரை பெரிய ஆஸ்பத்திரி என்றால் மதுரைதான் கதி. ஆடி அமாவாசையை ஒட்டிய நாளாக இருந்தால் சதுரகிரிக்குப் போகும் வாகனங்களால் தாணிப்பாறைச் சாலை எப்படி நிரம்பி வழியும் என்பது அந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரியும்.

நகரத்தில் இருப்பவளுக்குப் பத்து நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். மலையடிவாரத்தில் இருப்பவளுக்கு அந்தப் பத்து நிமிடம் அவள் உடலிலேயே இருக்க வேண்டும். அதாவது அவள் இரத்தம் 11 கிராமில் இருக்க வேண்டும்! தூரத்தை நம்மால் இன்றைக்கே குறைக்க முடியாது. சோகையைக் குறைக்க முடியும்.

ஆட்சியாளர்களே, நீங்களும் தப்ப முடியாது!

2018-20க்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தாய்மார் மரணம் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. "பார்த்தீர்களா, நாங்கள் மேல்" என்கிறார்கள். அதே கணக்கில் பக்கத்து வீட்டுக் கேரளாவில் 19! பின்தங்கியவனோடு ஒப்பிட்டு மகிழ்வது தேர்தல் மேடைக்குச் சரி, தாயை இழந்த பிள்ளைக்குச் சரியாகுமா?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் என்று அறிவித்திருக்கிறார்கள். நல்ல திட்டம். பாராட்டுகிறோம். ஆனால் கர்ப்ப காலத்தில் வயிற்றுக்குப் போக வேண்டிய தவணை, குழந்தை தவழத் தொடங்கிய பிறகு கைக்கு வந்தால் யாருக்கு லாபம்?

நம் கோரிக்கைகள் இவை. மலையடிவார ஊர்களுக்கான அரசு மருத்துவமனைகளில் இரவிலும் மகப்பேறு டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் இருக்க வேண்டும். அறுவைச் சிகிச்சை நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் இரத்த சேமிப்பு வசதி வேண்டும். ஒவ்வொரு பையும் முறைப்படி பரிசோதிக்கப்பட்டதற்கான பதிவேடு வேண்டும். சாத்தூர் இனி ஒருபோதும் நடக்கக்கூடாது!

கேட்டால் தருவார்களா? 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் எதற்கு இருக்கிறது? பத்து ரூபாய் கட்டணம். ஊருக்கு ஒரு படித்த இளைஞன் போதும். "எங்கள் மருத்துவமனையில் மகப்பேறு டாக்டர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, இரவுப் பணியில் யார், இரத்தம் எத்தனை யூனிட் இருப்பு" என்று எழுதிக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் உலக அரசியல் பேசும் நேரத்தில் பாதி போதும், இதை எழுதி முடிக்க.

இன்றே செய்ய வேண்டியது

இளைஞர்களே! இரத்த தானத்தில் நம் சமுதாய இளைஞர்கள் தமிழகம் முழுக்க நல்ல பெயர் எடுத்திருக்கிறார்கள். சாதி மதம் பாராமல் கொடுக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். 18 வயது நிரம்பிய, ஆரோக்கியமான ஆண் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். எடுப்பது 350 மில்லிதான். ஆனால் சேமித்த இரத்தம் ஐந்தாறு வாரத்துக்கு மேல் தாங்காது. ஆகவே ஆண்டுக்கு ஒரு நாள் பேனர் கட்டிக் கொடுப்பதைவிட, மாதாமாதம் முறை வைத்துக் கொடுப்பதே பயன். கொடுக்கும்போது உண்மையைச் சொல்லிக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் கொடுக்காதீர்கள். பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். சாத்தூரின் பாடம் அது.

அடுத்த வீட்டுக்காரனுக்கு இரத்தம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிய தம்பியே! உன் மனைவியின் ஹீமோகுளோபின் எத்தனை? தெரியாது! உன் கைப்பேசியின் பேட்டரி எத்தனை சதவீதம் என்று கேட்டால் உடனே சொல்வாய்.

வணிகர்களே! கர்ப்பம் உறுதியானதும் 12 வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து எண் வாங்குங்கள். உதவித்தொகைக்கு மட்டுமல்ல, பரிசோதனைக்கும் அதுவே ஆதாரம். மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. 2016லிருந்து இருக்கும் திட்டம் இது. அந்த ஒரு நாள் கடையைத் தம்பியிடமோ கணக்கரிடமோ விட்டுவிட்டு நீங்களே கூட்டிப்போங்கள். அரைநாள் வியாபாரம் போகும். போகட்டுமே! கொள்முதலுக்கு மதுரைக்குப் போனால் ஒரு முழுநாள் போகவில்லையா?

ஜமாஅத் நிர்வாகிகளே! நிக்காஹ் பதிவேட்டில் மஹர், சாட்சி எல்லாம் எழுதுகிறீர்கள். மணமகனையும் மணமகளையும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்படி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பைத்துல்மாலில் ஏழைக் கர்ப்பிணியின் ஸ்கேனுக்கும் வாகனத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கக் கூடாதா? மஹல்லாவில் யாருக்கு எந்த இரத்த வகை, இரவில் எந்த வீட்டு வண்டியைக் கூப்பிடலாம் என்ற பட்டியல் பள்ளிவாசல் பலகையில் இருக்கட்டும். 108 வருவதற்குள் அந்த வண்டி புறப்பட்டிருக்கலாம். மாதம் ஒரு ஜும்ஆவில் இமாம் அவர்கள் இதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசட்டும்.

கல்யாண மண்டபத்துக்கு லட்சம், பிரியாணிக்கு லட்சம், அலங்கார விளக்குக்கு அரை லட்சம் என்று செலவழித்து ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்து வருகிறோம். ஒரு வருடம் கழித்து அவள் நம் வாரிசைச் சுமக்கும்போது இலவச மாத்திரையை அவள் விழுங்கினாளா என்று கேட்க நமக்கு நேரமில்லை. பிறகு ஜனாஸா தொழுகையில் முதல் வரிசையில் நின்று, "அல்லாஹ்வின் நாட்டம்" என்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படை என்று கற்றுத்தந்த மார்க்கத்தில் பிறந்தவர்கள் நாம். நாம் கட்டாமல் விட்ட கயிற்றுக்கு அவன் நாட்டத்தைப் பொறுப்பாக்காதீர்கள்!

இந்த இதழை மடித்துக் கடையில் வைத்துவிடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இன்றிரவு சாப்பாட்டுக்கு முன் மனைவியிடமோ, மகளிடமோ, மருமகளிடமோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு இரத்தம் எத்தனை கிராம் இருக்கிறதும்மா?" அவளுக்குத் தெரியவில்லை என்றால், நாளைக் காலை உங்கள் முதல் வேலை கடை திறப்பதல்ல.

நம் தாய்மார்களைக் காக்கும் பொறுப்பை உணர்ந்து செயல்பட வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக!

வஸ்ஸலாம்.